ஒரு சென்ட் சாமான், இருபது டாலர் தபால்செலவு

1662 செப்டம்பர் 3. லண்டனில் கடற்படைக்குச் சொந்தமான மூன்று பழைய கப்பல்கள் ஏலத்துக்கு வந்தன. சின்னதாக ஒரு மெழுகுவர்த்தித் துண்டைக் கொளுத்தி வைத்திருந்தார்கள். சுடர் அணைவதற்குள் கடைசியாகத் தொகை சொன்னவருக்குக் கப்பல். ஆரம்பத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த வியாபாரிகள், திரி கருகத் தொடங்கியதும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு கத்தினார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் சரியான நொடியில் கடைசி ஆளாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். எப்படி என்று விசாரித்தார் கடற்படை அலுவலர் சாமுவேல் பீப்ஸ். சுடர் அணையப்போகும் தறுவாயில் புகை கீழ்நோக்கி இறங்கும், அதைப் பார்த்துத்தான் கேட்கிறேன் என்றார் அவர். பீப்ஸ் அதைத் தன் நாட்குறிப்பில் குறித்துவைத்தார். மற்றவர்களின் கண் எல்லாம் சுடரில். வென்றவரின் கண் மட்டும் புகையில்.

சரியாக 333 ஆண்டுகள் கழித்து அதே செப்டம்பர் 3-ஆம் தேதி. அமெரிக்காவில் தொழிலாளர் தின வார இறுதி. கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் 28 வயது மென்பொருள்காரர் பியர் ஒமிட்யார், தன் சொந்த இணையதளத்தில் ஒரு மூலையை ஒதுக்கி ‘ஆக்‌ஷன்வெப்’ என்று பெயர் வைத்தார். முதலில் விலைபோன பொருள் அவருடைய பழுதான லேசர் பாயிண்டர். 14 டாலர் 83 சென்ட். உடைந்த சாமான் என்று தெரிந்துதான் வாங்கினீர்களா என்று ஒமிட்யாரே கேட்க, உடைந்த லேசர் பாயிண்டர்களைச் சேகரிப்பதுதான் என் பொழுதுபோக்கு என்று பதில் வந்தது. 1997-இல் இந்தத் தளம் ஈபே ஆனது. பெஸ் மிட்டாய் டப்பா சேகரிக்கும் காதலிக்காக ஒமிட்யார் இதைத் தொடங்கினார் என்று பத்திரிகைகள் பல காலம் எழுதிவந்தன. அது செய்தியாளர்களின் கவனத்தை இழுக்க நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு கட்டிவிட்ட கதை என்பது 2002-இல் வெளியான ஒரு புத்தகத்தில் அம்பலமானது. ஏமாற்றைப் பற்றிப் பேசும் வரலாற்றில் நிறுவனத்தின் பிறப்புக் கதையே கட்டுக்கதையாக இருப்பது பொருத்தம்தான்.

நம்மூர் ஏலத்துக்கு ஒரு சத்தம் உண்டு. ஒரு தரம், ரெண்டு தரம் என்று இழுத்து, மூணாவது தரம் சொல்வதற்குள் யாராவது கையைத் தூக்குவார்கள். ஈபேயில் சத்தம் கிடையாது. மெழுகுவர்த்திக்குப் பதில் கடிகாரம். குறித்த நேரம் வந்ததும் ஏலம் தானாக முடிந்துவிடும். அதனால் பீப்ஸ் பார்த்த அந்தப் புகை வித்தையும் கூடவே வந்து சேர்ந்தது. கடைசிச் சில நொடிகளில் நமக்காகத் தொகை போட்டுக்கொடுக்க மென்பொருளே விற்கத் தொடங்கினார்கள்.

கடைசி நொடியில் கேட்பது மோசடி அல்ல, சாமர்த்தியம். மோசடி வேறு இடத்தில் இருந்தது. சந்தையில் மாட்டின் பல்லைப் பார்க்கலாம், கடற்கரையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். இங்கே பொருள் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் முகம் தெரியாத ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. புகார்க் கடிதங்கள் ஒமிட்யாரின் மின்னஞ்சலில் குவிந்தன. 1996 பிப்ரவரியில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வாங்கியவரும் விற்றவரும் ஒருவருக்கொருவர் எல்லோரும் பார்க்கும்படி மதிப்பெண் கொடுக்க வேண்டும். நல்லவருக்கு நல்ல பெயர், மோசக்காரருக்கு ஊரறிய அவமானம்.

யோசனை பிரமாதம். ஆனால் எதை அளந்தாலும் அந்த அளவையே ஏமாற்ற ஆள் வந்துவிடுவார். ஒரு சென்ட்டுக்கு மின்னூல்களை நூற்றுக்கணக்கில் விற்று, வாங்கி, நல்ல மதிப்பெண்ணைக் குவித்துக்கொண்டார்கள். அப்புறம் அதே கணக்கில் ஆயிரம் டாலர் கேமராவை ஏலம் விட்டுப் பணத்தோடு மறைந்தார்கள். பழிவாங்கலும் நடந்தது. வாங்கியவர் குறை சொன்னால் விற்றவரும் பதிலுக்கு மோசமாக எழுதுவார், அந்தப் பயத்தில் பலர் வாயை மூடிக்கொண்டார்கள். 2008-இல்தான் ஈபே இரண்டையும் அடைத்தது. மின்னூல் போன்றவற்றை ஏலத்திலிருந்து எடுத்துவிட்டு வரி விளம்பரத்துக்கு மாற்றியது. வாங்குபவருக்குக் கெட்ட மதிப்பெண் கொடுக்கும் உரிமையை விற்பவரிடமிருந்து பறித்தது. விற்பவர்கள் கொதித்துப்போய்ப் புறக்கணிப்புப் போராட்டமே நடத்தினார்கள்.

ஆள் வைத்து விலையை ஏற்றிவிடும் வித்தை இதைவிடப் பழசு. 1776-இல் இங்கிலாந்தில் ஒரு குதிரைக்காரர் ஜேம்ஸ் கிறிஸ்டி மேல் வழக்குப் போட்டார். இன்று உலகப் புகழ் பெற்ற கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தைத் தொடங்கிய அதே கிறிஸ்டி. 15 பவுண்டுக்குக் குறைந்தால் குதிரையை விடக் கூடாது என்று சொல்லியிருந்தேன், குறைந்த விலைக்கு விட்டுவிட்டார் என்பது புகார். அதிகமாகக் கேட்பவருக்கே பொருள் என்று ஊருக்கு அறிவித்துவிட்டு, சொன்ன விலை வரும் வரை ரகசியமாக ஆளை நிறுத்தி விலையைத் தூக்குவது வாங்குபவர்களுக்குச் செய்யும் மோசடி என்று சொல்லி, தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு குதிரைக்காரரைத் திருப்பி அனுப்பினார். ஏமாற்ற விடவில்லையே என்று ஒருவர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கு இது. இந்தியாவின் 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்திலும் 64-ஆம் பிரிவாக இந்தக் கருத்து உட்கார்ந்திருக்கிறது. விற்பவர் போலியாக விலையைக் கேட்டு ஏற்றினால், எடுத்தவர் அந்த ஏலத்தை ரத்து செய்துகொள்ளலாம்.

ஈபேயில் இந்த வித்தையின் உச்சம் 2000 மே மாதம் அரங்கேறியது. பழைய சாமான் விற்கும் வீட்டில் வாங்கியது, குழந்தை விளையாடி ஓட்டை போட்டுவிட்டது, மனைவி வீட்டில் மாட்ட விடமாட்டேன் என்கிறாள் என்று அப்பாவித்தனமான விவரத்தோடு ஒரு அரூப ஓவியம் ஏலத்துக்கு வந்தது. ஆரம்ப விலை 25 சென்ட். ஓவியரின் பெயர் எங்கும் சொல்லப்படவில்லை. படத்தின் மூலையில் மட்டும் ‘ஆர்.டி. 52’ என்று தெரிந்தது. அமெரிக்காவின் பெரிய ஓவியர் ரிச்சர்ட் டீபன்கார்னின் முதலெழுத்துகள். புதையலைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். விலை 1,35,805 டாலரில் நின்றது. விற்றவர் சேக்ரமென்டோவில் தொழில் செய்த வழக்கறிஞர். குழந்தையும் இல்லை, மனைவியும் இல்லை. அந்த எழுத்துகளைப் போட்டதும் அவரே. வேறு பெயரில் தன் படத்துக்குத் தானே விலை கேட்டிருந்தது தெரிந்ததும் ஈபே விற்பனையை ரத்து செய்தது. அவரும் கூட்டாளிகளும் ஒருவர் பொருளுக்கு மற்றவர் கேட்டு விலை ஏற்றிவந்த கதையும் வெளியே வந்தது. வழக்கறிஞர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பின்னாளில் அதைப் புத்தகமாகவும் எழுதி விற்றார்.

இதெல்லாம் ஏறும் எண்ணில் செய்த தில்லுமுல்லு. அந்த எண்ணை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் என்றைக்காவது பிடிபட்டது. ரொம்ப நாள் பிடிபடாமல் ஓடியது, பக்கத்தில் அசையாமல் நின்ற எண்ணில் செய்த வேலைதான். அதன் பெயர் தபால்செலவு.

கணக்கைப் பாருங்கள். ஈபேயின் வருமானம், பொருள் விற்ற விலையில் ஒரு பங்கு. 2008-இல் முதல் 25 டாலர் வரை 8.75 சதவீதம். இருபது டாலருக்கு ஒரு சார்ஜரை விற்றால் 1 டாலர் 75 சென்ட் ஈபேக்குப் போகும். அதே சார்ஜரின் விலையை ஒரு சென்ட் என்று போட்டு, தபால்செலவும் பேக்கிங்கும் 19 டாலர் 99 சென்ட் என்று எழுதினால்? வாங்குபவர் கொடுப்பது அதே இருபது டாலர்தான். ஈபேக்குத் தரகாகப் போவது ஒன்றுமில்லை, ஏனென்றால் அப்போது தபால்செலவுக்குத் தரகு கிடையாது. பொருள் சரியில்லை என்று திருப்பி அனுப்பினாலும், பொருளின் விலையை மட்டுமே தருவேன், தபால்செலவு திரும்பாது என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும். ஒரு சென்ட்டை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு 19.99-ஐ விற்றவர் வைத்துக்கொள்வார். தேடலில் விலை குறைந்தது முதலில் என்று வரிசைப்படுத்தினால் இவர்களுடைய பொருள்தான் உச்சியில் நிற்கும். ஒரே கல்லில் மூன்று மாங்காய்.

வாங்குபவருக்குக் கூட்டல் தெரியாதா? தெரியும். ஆனால் செய்வதில்லை. பொருளியலாளர்கள் டான்ஜிம் ஹொசைனும் ஜான் மார்கனும் இதை ஈபேயிலேயே சோதித்துப் பார்த்து 2006-இல் ஆய்வாக வெளியிட்டார்கள். இசை சிடிக்களையும் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டு வட்டுகளையும் 80 ஏலங்களில் விற்றார்கள். ஒரே சிடி, ஒருமுறை ஆரம்ப விலை 4 டாலர், தபால் இலவசம். இன்னொரு முறை ஆரம்ப விலை ஒரு சென்ட், தபால்செலவு 3 டாலர் 99 சென்ட். கணக்குப் பாடத்தின்படி இரண்டும் ஒன்று. ஆனால் ஒரு சென்ட்டில் தொடங்கிய ஏலத்துக்குக் கூட்டம் அதிகம் வந்தது, முடிவில் தபாலையும் சேர்த்துக் கிடைத்த தொகையும் கூடுதல். ஆரம்ப விலையும் தபாலும் சேர்ந்து பொருளின் கடை விலையில் பாதியைத் தாண்டியபோதுதான் இந்த மயக்கம் தெளிந்தது.

இந்த உத்தியை இணையத்தின் கண்டுபிடிப்பு என்று நினைத்தால் தவறு. 1975-இல் லண்டனின் இரண்டு பெரிய ஏல நிறுவனங்களும், கிறிஸ்டீஸும் சாதபீஸும், சில நாள் இடைவெளியில் ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தன. சுத்தியல் விழுந்த தொகைக்கு மேல், எடுத்தவரிடம் 10 சதவீதம் தனியாக வசூல். ஏலக்கூடத்தில் எல்லோரும் சுத்தியலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பத்து சதவீதம் சத்தமில்லாமல் பில்லில் ஏறியது. ஓவியத்தைப் போட்டியிட்டுக் கேட்பவர் அந்தப் பத்தையும் சேர்த்தா மனக்கணக்குப் போடுவார்? பட்டுக்கோட்டு போட்ட கூட்டத்திலும் சார்ஜர் வாங்கும் கூட்டத்திலும் கண் போகும் இடம் ஒன்றே.

ஈபே முதலில் விதி போட்டது, அநியாயமான தபால்செலவு கூடாது என்று. எது அநியாயம் என்று யார் சொல்வது? 2007-இல் நட்சத்திர மதிப்பெண் வந்தது. பொருள் சொன்னபடி இருந்ததா, பேச்சு எப்படி, எத்தனை நாளில் வந்தது என்ற கேள்விகளோடு, தபால்செலவு நியாயமா என்று தனியாக ஒரு வரிசை. கடைசியில் வித்தையை முறித்தது தர்மோபதேசம் அல்ல, தரகுதான். 2011 ஜூலை முதல், தபால்செலவையும் சேர்த்த மொத்தத் தொகைக்கு ஈபே தரகு பிடிக்கத் தொடங்கியது. ஒரு சென்ட் சார்ஜர்களுக்கு இருந்த பெரிய லாபம் போயிற்று. நியாயமாகத் தபால்தலை ஒட்டி அனுப்பிய சிறு வியாபாரிகள், எங்கள் தபால்தலைக்கும் தரகா என்று புலம்பியதிலும் அர்த்தம் இருந்தது.

எண்களில் விளையாடியவர்கள் இப்படி என்றால், பொருளே இல்லாமல் விற்றவர்கள் தனி ரகம். ருமேனியாவின் ரம்னிகு வல்சா என்ற மலையடிவார ஊர், 2000-களில் இந்தத் தொழிலால் பேர்வாங்கியது. இல்லாத கார்களை ஏலம் விடுவார்கள். வாங்குபவர் தயங்கினால், நடுவில் ஒரு நம்பகமான நிறுவனம் பணத்தை வைத்திருக்கும், பொருள் கைக்கு வந்ததும்தான் எங்களுக்குக் கொடுக்கும் என்று ஓர் இணையதள முகவரி தருவார்கள். அந்த நடுநிலை நிறுவனத்தின் தளமும் அவர்கள் கட்டியதுதான். பணத்தை வேறு நாடுகளில் போய் எடுத்துவரும் ஆட்களுக்கு அவர்கள் மொழியில் ‘அம்பு’ என்று பெயர். எய்தவன் இருக்க என்ற நம் பழமொழியை அங்கே யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் போலீஸிடம் அகப்பட்டது பெரும்பாலும் அம்புகள்தான்.

பார்சல் வந்து சேர்ந்ததற்கான சான்றையே போலியாக்கும் வித்தையும் உண்டு. கேட்ட பொருளுக்குப் பதில் ஒரு வெற்று உறையை, வாங்கியவரின் பின்கோடில் வேறு யாரோ ஒருவர் வீட்டுக்கு அனுப்புவார்கள். தபால் கணக்கில் ஊர் சரி, பின்கோடு சரி, ‘சேர்ப்பிக்கப்பட்டது’ என்று பச்சைக் குறி விழுந்துவிடும். ஏமாந்தவர் தபால் அலுவலகத்துக்குப் போய், எந்தக் கதவு எண்ணில் கொடுத்தீர்கள் என்று கேட்டு எழுதி வாங்கினால்தான் குட்டு உடையும்.

இந்தியாவுக்கு ஈபே வந்தது 2004-இல், பாஸி டாட் காம் என்ற உள்ளூர்த் தளத்தை வாங்கி. ‘பைசாபே’ என்று ஓர் ஏற்பாட்டை இங்கே நடத்தினார்கள். வாங்குபவர் கட்டிய பணம், பொருள் போய்ச் சேரும் வரை விற்றவர் கைக்குப் போகாது. பிறகு ஃப்ளிப்கார்ட் வசம் போன ஈபே இந்தியா 2018 ஆகஸ்ட் 14-இல் மூடப்பட்டது. ஏலத்தைவிட, பார்சல் வீட்டுக்கு வந்தபின் காசு கொடுக்கும் முறைதான் நம் மக்களுக்குப் பிடித்துப்போனது. தபால்செலவை ஒளித்து வைக்கும் வழக்கம் மட்டும் ஏலம் இல்லாத கடைகளிலும் ஒட்டிக்கொண்டது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடைசெய்த 13 இணைய வியாபாரத் தந்திரங்களில், விலையைச் சொட்டுச் சொட்டாகக் கடைசியில் கூட்டுவதும் ஒன்று.

பழைய பேனா, கேமரா லென்ஸ், நாணயம் தேடுபவர்கள் இன்றும் இங்கிருந்து அமெரிக்க ஈபேயில்தான் வாங்குகிறார்கள். சுங்கத்தில் தபால்செலவின் ஒரு பங்கையும் மதிப்போடு சேர்த்தே வரி போடுவதால், அவர்களுக்கு அந்த எண் இரண்டு தரம் வலிக்கும். தேடல் பக்கத்தில், வரிசைப்படுத்தும் பட்டியலில், விலையும் தபால்செலவும் சேர்த்துக் குறைந்தது முதலில் என்று ஒரு வரி இருக்கிறது. கைபழகியவர்கள் பக்கம் திறந்ததும் முதலில் தட்டுவது அதைத்தான். ஒரு டாலர் லென்ஸ் உச்சியிலிருந்து நழுவி மூன்றாம் பக்கத்துக்குப் போய்விடும்.