கத்தோலிக்க வீட்டுப் பக்திப் படங்களை அடையாளம் காணல்

வீட்டுப் பக்திப் படம் என்பது கத்தோலிக்கக் குடும்பங்களில் செபம் சொல்லும் இடத்தில் சட்டமிட்டு மாட்டப்பட்டு, தலைமுறை தலைமுறையாகப் பேணப்படும் திருவுருவப் படம் ஆகும். இத்தகைய படம் யாருடையது, எக்காலத்தது, எவ்வாறு உருவாக்கப்பட்டது என்பன படத்தின் சின்னங்கள், எழுத்துகள், அச்சு முறை, சட்டத்தின் பின்புறம் ஆகியவற்றைக் கொண்டு அறியப்படுகின்றன. புதுச் சட்டம் போடும்போது பழைய பின்பலகையும் தாள்களும் எறியப்பட்டால், இச்சான்றுகளுள் பெரும்பகுதி அழிந்துவிடும்.

வரலாற்றுப் பின்னணி

சேலம், நாமக்கல் சமவெளியில் கத்தோலிக்க சமயப் பணி 17 ஆம் நூற்றாண்டில் மதுரை மிசனுடன் தொடங்கியது. தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நோபிலி 1623 இல் சேந்தமங்கலம், சேலம் ஆகிய ஊர்களுக்கு வந்தார். பிற்காலத்தில் இப்பகுதியில் பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையினர் பணியாற்றினர். 1930 இல் சேலம் மறைமாவட்டம் அமைக்கப்பட்டபோது, அச்சபையைச் சேர்ந்த என்றி புருனியே முதல் ஆயரானார். எனவே இங்குள்ள பழைய படமொன்றில் பிரெஞ்சு மொழித் தலைப்பு இருப்பது வியப்பன்று. ஆயினும் ஐரோப்பியப் பதிப்பகங்கள் ஒரே படத்துக்குப் பல மொழிகளில் தலைப்பிட்டதால், மொழியை மட்டும் கொண்டு படம் அச்சான நாட்டை உறுதி செய்ய இயலாது.

உருவத்தை அறிதல்

புனிதர்கள் அவர்களுக்குரிய சின்னங்களால் அறியப்படுகின்றனர். லீலி மலரும் குழந்தை இயேசுவும் அந்தோணியாரையும், உடலில் தைத்த அம்புகள் செபஸ்தியாரையும், காலடியில் மிதிபட்ட சாத்தான் அதிதூதர் மிக்கேலையும் குறிக்கும். மரியாள் உத்தரியத்தை நீட்டினால் அது கார்மேல் மாதா படமாகும். சேலையணிந்து முடிசூடிக் குழந்தையை ஏந்திய தோற்றம் வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவுக்குரியது.

பொன்னிறப் பின்னணியும் கிரேக்க எழுத்துகளும் கொண்ட சதா சகாய மாதா படத்தின் எழுத்துகளை மந்திர எழுத்துகள் எனச் சிலர் கருதுவதுண்டு. அவை 'இறைவனின் தாய்', 'இயேசு கிறித்து' முதலிய பெயர்களின் சுருக்கங்களாகும். பார்ப்பவரின் இடப்பக்கம் மிக்கேல் ஈட்டியும் கடற்பஞ்சும் ஏந்தியிருப்பார். வலப்பக்கம் கபிரியேல் சிலுவையும் ஆணிகளும் ஏந்தியிருப்பார். குழந்தையின் ஒரு காலணி கழன்று தொங்கும். மூலப்படம் உரோமையில் புனித அல்போன்சு ஆலயத்தில் உள்ளது. 1866 இல் அங்கு மக்கள் வணக்கத்துக்கு வைக்கப்பட்ட பின்னரே இதன் படிகள் உலகெங்கும் பரவின.

காலத்தை அறிதல்

படத்தின் பொருளே அதன் காலத்துக்கு முன்னெல்லை வகுக்கிறது. லூர்து மாதா படம் 1858 க்கும், பாத்திமா மாதா படம் 1917 க்கும் முற்பட்டதாக இருக்க முடியாது. அருளானந்தர் (சான் தெ பிரித்தோ) 1853 இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 1947 இல் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். குழந்தை தெரேசாளுக்கு இவ்வாண்டுகள் முறையே 1923, 1925 ஆகும். ஆகவே பெயருக்கு முன்னுள்ள அடைமொழி கால ஆய்வுக்கு உதவும்.

தமிழ்த் தலைப்புகளும் சான்றாகும். 'சேசு', 'அர்ச்சியசிஷ்ட', 'இராயப்பர்', 'சின்னப்பர்' ஆகியவை பழைய கத்தோலிக்க வழக்குகள். 'இயேசு', 'புனித', 'பேதுரு', 'பவுல்' ஆகியவை 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கத்தோலிக்கரிடையே பரவலாயின. பழைய வடிவங்கள் பேச்சு வழக்கில் இன்றும் நிலைத்திருப்பதால், இச்சான்றைப் பிறவற்றுடன் சேர்த்தே கொள்ள வேண்டும்.

அச்சு முறையை அறிதல்

உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒழுங்கான வரிசைகளில் புள்ளிகள் தெரிந்தால், அது ஒளிப்பட முறையில் ஆக்கப்பட்ட அச்சுப்படம். ஒழுங்கற்ற மணிகளும் புள்ளிகளும் வண்ணக் கல்லச்சைக் காட்டும். இம்முறைக்குப் பிரான்சில் 1837 இல் காப்புரிமை பெறப்பட்டது. ஓலியோகிராப் எனப்படும் படங்கள் மெருகெண்ணெய் பூசப்பட்டு, துணி போன்ற மேற்பரப்புடன் எண்ணெய் ஓவியமாகவே தோன்றும். இவற்றைக் கையால் வரைந்தவை என எண்ணி மிகையாக மதிப்பிடுவது பொதுவான பிழையாகும். சில படங்களில் பட்டுத் துணியும் ஜரிகையும் சம்கியும் பின்னர் கையால் ஒட்டப்பட்டிருக்கும்.

சட்டமும் பின்புறமும்

சட்டம் படத்தைவிடப் பிந்தியதாக இருக்கலாம். பின்புறம் ஒட்டிய செய்தித்தாளின் தேதிக்கு முன்னர் அச்சட்டம் போடப்பட்டிருக்க முடியாது. கடைச் சீட்டில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால், அச்சீட்டு 1972 க்குப் பிந்தியது. நாமக்கல் 'சேலம் மாவட்டம்' எனக் குறிக்கப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் நாமக்கல் மாவட்டம் உருவான 1997 க்கு முந்தியதாகும். 'மேற்கு ஜெர்மனி' என்ற குறிப்பு 1949 முதல் 1990 வரையான காலத்தைக் காட்டும். திருமணம், ஞானஸ்நானம் பற்றிய கையெழுத்துக் குறிப்புகளும் சட்டத்தின் பின்புறம் இருக்கக்கூடும். படத்தின் சந்தை விலை குறைவாயினும், குடும்ப வரலாற்றுக்கு இவை அரிய சான்றுகளாகும்.

பாதுகாப்பும் சட்டமும்

சட்டத்தைப் பிரிப்பதற்கு முன் இருபுறமும் ஒளிப்படம் எடுத்துக் கொள்ளுதல் நன்று. ஈரத் துணியால் படத்தைத் துடைத்தல் கூடாது. கண்ணாடியுடன் ஒட்டிக்கொண்ட தாளை உரித்தெடுக்க முயன்றால் வண்ணம் கண்ணாடியோடு போய்விடும்.

படத்துடன் சிறு எலும்புத் துண்டு அல்லது துணித் துண்டு இலத்தீன் பெயர்ச் சீட்டோடு பதிக்கப்பட்டிருந்தால், அது திருப்பண்டமாக இருக்கலாம். பின்புறமுள்ள அரக்கு முத்திரை அதற்குச் சான்றாதலால் அதை உடைத்தல் கூடாது. திருப்பண்டங்களை விற்பதைக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1190 ஆம் பிரிவு தடை செய்கிறது. இந்தியாவின் 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய ஓவியங்கள் தொல்பொருள்களாகும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதல் குற்றமாகும்.