நம் மாவட்டத்துக் கற்கோடரி



ஆரம்பாக்கம் பக்கத்தில் இருக்கிற நமக்குப் பழவேற்காடு ஏரி ஆதிநாள் முதல் இருப்பதாகத் தோன்றும். ஆனால் அதன் வயது சில ஆயிரம் ஆண்டுகள்தான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது. கடல் ஏறி வந்த பிறகே ஏரி உண்டாயிற்று. நம் திருவள்ளூர் மாவட்டத்தில் மனிதக் கை செதுக்கிய கல்லோ அதைவிடப் பல மடங்கு பழையது!

1863 மே 30ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழியில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங் என்பவரும் பூண்டிக்குப் பக்கத்தில், கொசஸ்தலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகளைக் கண்டார்கள்.

1999 முதல் சாந்தி பப்பு அம்மையாரின் குழுவினர் அங்கே அகழ்வாய்வு செய்தார்கள். அடிக் களிமண்ணில் கிடைத்த கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011இல் அறிவித்தார்கள். நம்மைப் போன்ற மனித இனம் அப்போது தோன்றவே இல்லை; நமக்கு முந்திய மனித இனம் செய்தவை அவை.

கல்லுக்கு வயது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வானிலிருந்து வரும் கதிர்கள், வெளியே கிடக்கும் கல்லில் சில நுண்பொருள்களை உண்டாக்கும். கல் ஆழப் புதைந்துவிட்டால், அவை ஒரே கணக்காகக் குறைந்துகொண்டே வரும். மிச்சத்தை அளந்தால், புதைந்த காலம் தெரிந்துவிடும்.

இந்த 15 லட்சம் ஆண்டுகளை ஒரு நாளாக வைத்துக்கொள்வோம். உலகில் பயிர்த்தொழில் தொடங்கியது நள்ளிரவுக்குப் பதினோரு நிமிஷம் முன்புதான்! அதுவரை வேட்டையும், கிழங்கும், கனியும்தான் சாப்பாடு. நம் நாட்டில் திருப்பத்தூர் மாவட்டம் பையம்பள்ளியில், வழுவழுப்பான கற்கோடரி வைத்திருந்த மக்கள் கொள்ளும் பயறும் விளைவித்தார்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கு வயது சுமார் 3,200 ஆண்டு; நம் கணக்கில் கடைசி மூன்று நிமிஷம். கீழடியின் செங்கல் கட்டடங்கள் அதற்கும் பிந்தியவை. விளைச்சல் மிஞ்சியதால்தானே ஊரும், தொழிலும், எழுத்தும் வளர்ந்தன?

இதில் நமக்கென்ன வேலை? இருக்கிறது. கல்லுக்குச் சாட்சி, அது கிடக்கும் மண் அடுக்குதான். ரோட்டுக்கும் மனைக்கும் சரளையை வாரி லாரியில் ஏற்றிவிட்டால், பல லட்சம் ஆண்டுக் கணக்கு ஒரே நாளில் அழிந்துபோகும். கல்லை எடுத்து வீட்டில் வைத்தாலும் பாதிச் சேதி போச்சு.

உழும்போதோ கிணறு வெட்டும்போதோ உள்ளங்கை அளவில், இரு முகத்திலும் செதில் பெயர்த்த தழும்போடு, ஓரம் கூராக ஒரு கல் தென்பட்டால் கொஞ்சம் நின்று பாருங்க. இடத்தை மாற்றாமல் அடையாளம் வைத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ, பூண்டியில் இருக்கிற தொல்லியல் துறை அருங்காட்சியகத்திலோ சொல்லுங்க. பிள்ளைகளை ஒருமுறை அங்கே கூட்டிப்போய்க் காட்டுங்க.