கல்லான மரமும் கல்லாகாத பாசியும்

நம் வீட்டு மசாலா டப்பாவில் இருக்கும் கல்பாசியை எத்தனை பேர் உற்றுப் பார்த்திருப்போம்? செட்டிநாட்டுக் குழம்புக்கு வாசனை தருகிற அந்தக் கருஞ்சருகு, பெயரில்தான் பாசி. உண்மையில் அது லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். நார்த்தாமலைப் பாறைகளில் சாம்பல் திட்டாக அப்பிக் கிடப்பதும் இதன் உறவுதான்.

படிக்கிற காலத்தில் நாங்கள் நாலு பேர் பெரம்பலூர் பக்கம் சாத்தனூருக்குக் கல்மரம் பார்க்கப் போனோம். 1940ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் வெளிக்கொணர்ந்த மரம். 18 மீட்டர் நீளம், வயது சுமார் 12 கோடி ஆண்டு. அன்று அந்தப் பகுதி கடல். வந்து புதைந்த மரத்தின் இழைகளில் சிலிக்கா ஏறிக் கல்லாகிவிட்டது. "இவ்வளவு பெரிய மரத்துல ஒரு பாசி கூடவா ஒட்டல?" என்றான் ஒருவன். சிரித்தோம்.

கேள்வி சரியானதுதான் என்று பிறகு படித்தபோது புரிந்தது. லைக்கன் ஒட்டுவது பட்டையின் மேல். நீரில் உருளும் மரத்தில் முதலில் உரிவது பட்டைதானே! ஆகவே காட்டையே கல்லாக்கிய இயற்கை, லைக்கனை அபூர்வமாகத்தான் விட்டுவைத்தது. ஸ்காட்லாந்தின் ரைனி கிராமத்தில், 1912ல் வில்லியம் மெக்கி என்ற மருத்துவர் கண்டெடுத்த பாறையில், வெந்நீர் ஊற்றின் சிலிக்கா மூடிக் காத்த, 40 கோடி ஆண்டுக்கு முந்தைய லைக்கன் போன்ற ஓர் உயிர் கிடைத்தது. பால்டிக் அம்பரில், மரப்பிசினில் சிக்கிய லைக்கன்கள் அச்சு அசலாக இருக்கின்றன. அந்தக் காட்டு மரங்களும் இன்றைய கொடைக்கானல் மரங்களைப் போலத் தாடி வளர்த்து நின்றிருக்கின்றன! லைக்கன்களில் சில காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் காட்டுக்கு உரமாக்கவும் செய்கின்றன.

வெறும் பாறையை லைக்கன் மண்ணாக்கிய பிறகே செடிகள் வந்தன என்று நமக்குச் சொல்லித் தந்தார்கள். 2019ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, இன்றைய லைக்கன் குலங்கள் பலவும் செடிகளுக்குப் பின் வந்தவை என்கிறது. பாடம் மாறிவிட்டது சார்!

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய கருங்கல் சுவர் ஒன்றைக் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டச் சொன்னவன் நான். ரிப்போர்ட்டில் 'கறை' என்று எழுதினேன். பாறையோடு ஒட்டி வளரும் லைக்கன்களில் பல, வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. உள்ளங்கை அளவுத் திட்டு நம் தாத்தா காலத்ததாக இருக்கலாம். அரை நாளில் சுரண்டி முடித்தோம்.

அடுத்த சந்திப்புக்கு வருகிறவர்கள் ஒரு காலை விஜயாலய சோழீச்சரம் வரை ஏறி வாருங்கள். லென்ஸ் நான் கொண்டுவருகிறேன்.