'அப்பாதான் தினமும் வாக்கிங் போறாரே, அது போதாதா?': 60 வயதைக் கடந்தவர்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்துவது எப்படி?

பெங்களூரு, புனே, நொய்டா என எந்த ஊராக இருந்தாலும் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் இந்த மெசேஜ் ஒருநாள் வந்துவிடும்: "சீனியர் சிட்டிசன்களுக்கு ஒரு ஃபிட்னஸ் கிளாஸ் ஆரம்பிக்கலாம், யாராவது எடுக்க முடியுமா?" நீங்கள் ஜிம்முக்குப் போகிறவர் என்று நாலு பேருக்குத் தெரிந்திருந்தால் போதும், உங்களைத்தான் கைகாட்டுவார்கள்.

ஒப்புக்கொள்ளலாமா? தாராளமாக. ஆனால் நீங்கள் ஜிம்மில் செய்வதை மெதுவாகச் செய்யவைத்தால் அது பெரியவர்களுக்கான வகுப்பு ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். நாற்காலியில் உட்காரவைத்துக் கையை மட்டும் ஆட்டவைப்பதும் அதே அளவு தவறு. நம் ஊர்களில் அதிகம் நடப்பது இந்த இரண்டாவது வகைதான்.

எத்தனை பேரைப் பற்றிப் பேசுகிறோம்?

2022-ல் இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் சுமார் 14.9 கோடி பேர், அதாவது மக்கள்தொகையில் 10.5%. 2050-ல் இது 34.7 கோடியாக, 20.8% ஆக உயரும் என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2023-ல் வெளியிட்ட அறிக்கை கணித்தது. மாநிலங்களில் கேரளாவும் தமிழ்நாடும் முன்னால் இருக்கின்றன. 2021-க்கான அரசின் கணிப்புப்படி கேரளாவில் 16.5%, தமிழ்நாட்டில் 13.6%. வெளியூரில் வேலை பார்க்கும் உங்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. வீட்டில் இருந்து வரும் போன் அழைப்புகளில் பாதி, முழங்கால் வலியைப் பற்றித்தானே?

கீழே விழுவதுதான் பெரிய கவலை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். அவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். உயிர் பிழைத்தாலும் இடுப்பெலும்பு முறிந்தால், நேற்றுவரை தனியாகக் காய்கறி வாங்கப் போய் வந்தவர் பாத்ரூமுக்கே துணை தேட வேண்டிவரும்.

சரி, வாக்கிங் போதாதா?

இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் நடை நல்லதுதான். அதை நிறுத்தச் சொல்ல வேண்டாம். விழுவதைத் தடுக்குமா என்பது வேறு கேள்வி. 2019-ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 108 பரிசோதனைகளை, அவற்றில் பங்கேற்ற 23,407 பேரின் தரவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. உடற்பயிற்சி செய்தவர்கள் விழுவது மொத்தத்தில் 23% குறைந்தது. உடல் சமநிலைக்கான பயிற்சியும், உட்கார்ந்து எழுவது போன்ற அன்றாட அசைவுகளும் இருந்த வகுப்புகளில் 24%. அதோடு தசை வலிமைக்கான பயிற்சியும் சேர்ந்தபோது 34%. நடையை மட்டும் வைத்து நடந்த திட்டங்களில் இப்படி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் இதே திசையில்தான் இருக்கிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சி, வாராந்திர உடலுழைப்பின் ஒரு பகுதியாகக் குறைந்தது 3 நாள் சமநிலையும் வலிமையும் கலந்த பயிற்சி. முதல் வரி எல்லோருக்கும் தெரியும். மற்ற இரண்டும் பார்க்கில் காதில் விழுவதே இல்லை.

"வயசான காலத்துல தசையா?" என்று யாராவது சிரித்தால், பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் நடந்து 1994-ல் வெளியான ஆய்வைச் சொல்லுங்கள். அதில் பங்கேற்ற 100 பேரின் சராசரி வயது 87. எடையுடன் பயிற்சி செய்தவர்களின் தசை வலிமை 10 வாரத்தில் இரு மடங்குக்கு மேல் கூடியது.

வகுப்பில் என்னதான் செய்வது?

ஆளுக்கொரு நாற்காலி போதும். ஆனால் கை வைத்தால் வழுக்கிப் போகும் லேசான பிளாஸ்டிக் நாற்காலி என்றால் கட்டாயம் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். டைல்ஸ் தரையில் சாக்ஸ் மட்டும் போட்டு நிற்கவிடாதீர்கள். புடவையும் வேட்டியும் கணுக்காலுக்கு மேல் இருக்கட்டும்.

முதல் 10 நிமிடம் நின்ற இடத்தில் நடை, தோள் சுழற்றல். பிறகு வகுப்பின் இதயம்: நாற்காலியில் இருந்து எழுந்து, மெதுவாக உட்காருவது. பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் டாய்லெட்டில் இருந்தும் பஸ் சீட்டில் இருந்தும் எழுவது இந்த ஒரே அசைவுதான். முடியாதவருக்கு நாற்காலியில் ஒரு தலையணை வைத்து உயரத்தைக் கூட்டுங்கள். இரண்டு வாரம் கழித்துத் தலையணையை எடுங்கள். அடுத்து கையை ஊன்றாமல், அடுத்து 10 முறை, பிறகு 10 முறை இரண்டு சுற்று. கடினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடவில்லை என்றால் தசைக்கு அது பயிற்சியே இல்லை. நான் பார்த்தவரை பெரும்பாலான வகுப்புகள் கோட்டை விடும் இடம் இதுதான். முதல் நாள் செய்ததையே ஆறு மாதமும் செய்கிறார்கள்.

நாற்காலியின் முதுகைப் பிடித்துக் குதிகால் உயர்த்துவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, பக்கவாட்டில் நடப்பது, ஒரு கால் விரலுக்கு முன்னால் இன்னொரு குதிகாலை வைத்துக் கோட்டில் நடப்பது எல்லாம் இதன் தொடர்ச்சி. கோட்டில் நடக்கும்போது சுவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

யோகா நடக்கிறதே என்பார்கள். நின்று செய்யும் ஆசனங்கள் சமநிலைக்கு நிச்சயம் உதவும். மூச்சுப்பயிற்சியும் தியானமும் மட்டும் நடக்கும் ஒரு மணி நேரம் மனதுக்கு இதமானது, தொடைத் தசைக்கு அதில் வேலை இல்லை.

'ஃபன்' எங்கே வரணும்?

மும்பையில் டாக்டர் மதன் கட்டாரியா 1995 மார்ச் 13 அன்று ஒரு பூங்காவில் 5 பேருடன் தொடங்கியதுதான் பிறகு நாடெங்கும் பரவிய சிரிப்பு கிளப். ஆரம்பத்தில் ஆளாளுக்கு ஜோக் சொன்னார்கள். இரண்டே வாரத்தில் ஸ்டாக் தீர்ந்தது, சில ஜோக்குகள் சிலரைப் புண்படுத்தவும் செய்தன. அதன்பிறகு ஜோக்கே இல்லாமல் சிரிப்பையே ஒரு பயிற்சியாக மாற்றினார். வகுப்பு எடுப்பவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. உங்கள் நகைச்சுவையை நம்பி வகுப்பை ஓட்ட முடியாது. கலகலப்பு பயிற்சிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு எண்ணிக்கை. பெங்களூரு அபார்ட்மென்ட்டில் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி பேசுகிறவர்கள் இருப்பார்கள். ஒவ்வொரு சுற்றையும் ஒருவர் தன் மொழியில் சத்தமாக எண்ணட்டும், மற்றவர்கள் திருப்பிச் சொல்லட்டும். சிரிப்பு தானாக வரும். அதைவிட முக்கியம், சத்தமாக எண்ணும்போது யாராலும் மூச்சை அடக்கிக்கொள்ள முடியாது. மூச்சை அடக்கித் தம் கட்டினால் ரத்த அழுத்தம் சட்டென எகிறும். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் உங்கள் எண்ணிக்கையைத் திருத்திக்கொண்டே இருந்தால், எண்ணும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

பாட்டு? 'வயசானவங்க' என்றதும் பாகவதர் காலத்துக்குப் போய்விடாதீர்கள். 1960-ல் பிறந்தவருக்கு 'ஷோலே' வந்தபோது வயது 15, 'அன்னக்கிளி' வந்தபோது 16. அவர்களுடைய இளமை இளையராஜாவும் ஆர்.டி. பர்மனும்தான். ஆனால் சத்தத்தைக் குறைத்து வையுங்கள். காது மந்தமானவருக்கு இசையும் உங்கள் குரலும் கலந்தால் எதுவும் புரியாது. வெட்கப்பட்டுக் கேட்கவும் மாட்டார், மறுநாள் வரவும் மாட்டார். முகம் பார்த்துப் பேசுங்கள், செய்து காட்டுங்கள்.

"சூப்பர் பாட்டி, கலக்குறீங்க!" வேண்டாமே. குழந்தையைக் கொஞ்சுவது போலப் பேசினால் பலருக்குப் பிடிக்காது. அங்கிளா, ஆன்ட்டியா, சாரா, மேடமா, எப்படிக் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். "நேத்து 8, இன்னிக்கு 10" என்று நிஜமான முன்னேற்றத்தைச் சொன்னால் அதுவே பாராட்டு.

காலை 6 மணி யாருக்கு வசதி?

2024-ல் வெளியான லான்செட் குளோபல் ஹெல்த் ஆய்வின்படி, 2022-ல் இந்தியப் பெண்களில் 57% பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை, ஆண்களில் 42%. (இது எல்லா வயது வந்தவர்களுக்குமான கணக்கு, முதியவர்களுக்கு மட்டுமானது அல்ல.) 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டு சர்வேயில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளில் 289 நிமிடம் செலவிடுவதாகவும் ஆண்கள் 88 நிமிடம் செலவிடுவதாகவும் பதிவாகியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலை 6 மணி வகுப்பு என்பது பெரும்பாலான வீடுகளில் ஆண்களுக்கான வகுப்பு. அந்த நேரத்தில் அடுப்பில் பால் இருக்கும், பேரனுக்கு டிபன் பாக்ஸ் காத்திருக்கும். காலை 10.30 அல்லது மாலை 4.30 என்று வைத்துப் பாருங்கள், வருகிற முகங்களே மாறும்.

கவனிக்க வேண்டியவை

முதல் வகுப்புக்கு முன் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள்: என்ன மாத்திரை, என்ன ஆபரேஷன், கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா? நெஞ்சுவலி, மயக்கம், அண்மையில் அறுவை சிகிச்சை என்றால் டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான். எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் குனிந்து கால்விரலைத் தொடுவதும் முதுகை வேகமாகத் திருகுவதும் கூடாது. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் வர வேண்டாம், பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். கால் மரத்துப் போகிறவருக்கு ஷூ கட்டாயம். பி.பி. மாத்திரை எடுப்பவர் சட்டென எழுந்தால் தலைசுற்றலாம், ஒரு நிமிடம் உட்கார்ந்த பிறகு எழட்டும்.

ஸ்மார்ட்வாட்ச் காட்டும் இதயத் துடிப்பை அளவுகோலாக வைக்க வேண்டாம். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் துடிப்பைக் குறைத்தே காட்டும். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அதுதான் மிதமான வேகம். பேசவே திணறினால் நிறுத்துங்கள்.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது?

எடை பார்க்கும் மெஷினை மறந்துவிடுங்கள். சுமார் 43 செ.மீ. உயர நாற்காலி, கைகள் மார்பில் குறுக்காக, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதில் பெண்கள் 11-க்கும் ஆண்கள் 12-க்கும் குறைவாகச் செய்தால், 75 முதல் 79 வயதில் பெண்கள் 10-க்கும் ஆண்கள் 11-க்கும் குறைவாகச் செய்தால், விழும் ஆபத்து அதிகம் என்று அமெரிக்காவின் சிடிசி கணக்கிடுகிறது. அது அமெரிக்க அளவுகோல், நம்மவர்களுக்கு அச்சாகப் பொருந்த வேண்டியதில்லை. ஒருவரை அவருடைய பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள், பக்கத்து வீட்டுக்காரரோடு அல்ல. முதல் நாள் ஒருமுறை, 8 வாரம் கழித்து ஒருமுறை.

நீங்கள் எடுக்காமல் பயிற்சியாளரை வைப்பதாக இருந்தால், சம்பளம் பேசும் முன் மூன்று கேள்வி போதும். முழங்கால் வலி உள்ளவருக்கு இதே பயிற்சியை எப்படி மாற்றுவீர்கள்? மூன்றாவது மாதத்தில் எது கடினமாகும்? வகுப்பில் ஒருவர் மயங்கினால் முதல் ஒரு நிமிடத்தில் என்ன செய்வீர்கள்? மூன்றாவதுக்குப் பதில் தயங்கி வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.