சுருளற்ற படப்பெட்டி

சுங்கை காடுட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில், கலியாணம் முடிந்தபின் படச்சுருளைச் சிரம்பான் கடைக்கு அனுப்பிவிட்டு நாட்கணக்கிற் காத்திருந்த காலம் நம்மவர் பலர்க்கும் நினைவிருக்கும். அக்காத்திருப்பை ஒழித்த கருவியின் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1975ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அமைத்த முதற் பெட்டி, ஒரு படத்தை நாடாவிற் பதிய 23 விநாடி கொண்டது. தொழில்முறைப் படப்பிடிப்பாளர்க்கென அந்நிறுவனம் 1991இல் வெளியிட்டதே டி.சி.எஸ். என்பது. நிக்கான் எஃப்-3 காமிராவின் முதுகில் ஒளியுணர் தகடொன்றைப் பொருத்தினர். படம் 13 இலட்சம் புள்ளிகளால் அமைந்தது. இருட்டறை வேண்டா, மருந்துநீர் வேண்டா. எடுத்த படத்தை அப்பொழுதே சிறு திரையிற் காணலாம். செய்தித்தாளார் விரும்பியது இவ்விரைவையே.

குறைகளோ பல. படங்களைச் சேமிக்கும் தட்டு காமிராவினுள் இல்லை. கம்பியாற் பிணைத்த தனிப்பெட்டியைத் தோளிற் சுமந்து திரிய வேண்டும். அதன் 200 மெகாபைட்டில் சுருக்காத படங்கள் 156 அடங்கும். தகடு படச்சுருட் சட்டத்தினும் சிறிதாதலின், அகன்ற காட்சிக்குரிய வில்லையும் குறுகிய காட்சியையே தந்தது. விலை ஏறத்தாழ 20,000 அமெரிக்க டாலர்! பால்மரம் வெட்டுவோர் கூலியைச் சேர்த்து வாங்கும் பொருளோ இது? செல்வ நாடுகளிலுங்கூட ஆயிரம் பெட்டிகள் விலையாகவில்லை.

பிற்றைநாளில் விலை வீழ்ந்து, இன்று கைப்பேசியிலேயே காமிரா வந்துவிட்டது. ஆயினும் ஒன்று நம்மை உறுத்துகின்றது. பழைய சுருளை விளக்கொளியிற் பிடித்தாலே பாட்டனார் முகம் தெரியும். அத்தட்டிலுள்ளதைக் காணவோ, அதற்கிசைந்த பழங்கணினி வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஊர்விட்டு ஊர் சிதறிய நம் குடும்பங்கட்கு இவ்வேறுபாடு சிறிதன்று.