கை உயர்த்தும் முன்

மதுரையில் திருநகரை அடுத்த திருப்பரங்குன்றத்தில் சமண முனிவர்களுக்காகப் பாறையில் வெட்டிய படுக்கைகள் இரண்டாயிரம் ஆண்டுகளாக இருக்கின்றன. அங்கிருந்து சற்றுத் தொலைவில், மீனாட்சி கோயிலுக்குத் தெற்கே உள்ள சொக்கப்ப நாயக்கன் தெருவில், 1896 ஜூலையில் பதினாறு வயது வேங்கடராமனை மரண பயம் பிடித்தது. செத்தவனைப் போலப் படுத்து, சாவது எது என்று உள்ளே துருவிப் பார்த்தான். ஆகஸ்ட் 29இல் மதுரையை விட்டுப் போனவன், 1950இல் ரமணராக மறையும்வரை திருவண்ணாமலையை விட்டு நகரவில்லை. உள்ளே பார்க்கப் போனவர்களால் ஊருக்கு என்ன பயன் என்ற கேள்வி முனிவர்களையும் விடவில்லை, அவரையும் விடவில்லை. அந்தக் கேள்விக்கு யூத மரபில் தெளிவான ஒரு விடை இருக்கிறது. ரமணரைத் தேடி வந்தவர்களில் யூதர்களும் உண்டு என்பதால், அது நமக்கு அந்நியமான விடையும் அல்ல.

யூதர்களில், முதல் தலைமைக் குருவான ஆரோனின் வழிவந்தவர்களுக்குச் சபையை ஆசீர்வதிக்கும் கடமை உண்டு. அதற்கான மூன்று வரிகள் வேதாகமத்தின் எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்தில் இருக்கின்றன. எருசலேமின் ஒரு பழைய கல்லறையில் 1979இல் கிடைத்த சிறு வெள்ளிச் சுருள்களிலும் அவற்றின் வாசகங்கள் உள்ளன. அச்சுருள்கள் ஏறத்தாழ 2,600 ஆண்டுப் பழமை உடையவை. ஆசி கூறுபவர் செருப்பைக் கழற்றுவார். குருமாருக்குத் துணைநிற்கும் குலத்தவரான லேவியர் அவர் கைகளில் தண்ணீர் ஊற்றுவார்கள். பிரார்த்தனைச் சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, விரல்களைப் பிரித்துக் கைகளை உயர்த்துவார். அதற்கு முன் அவர் சொல்லும் வாசகம், அன்போடு ஆசீர்வதிக்கும்படி தனக்குக் கட்டளை இடப்பட்டிருக்கிறது என்பது. மக்களிடம் அன்பில்லாதபோது கை தூக்கக் கூடாது என்று யூத மறைஞான நூலான ஸோஹர் கண்டிக்கிறது. எண்ணாகமத்தின் அந்தப் பகுதியே, ஆசீர்வதிப்பவர் கடவுள்தான் என்று முடிகிறது. அப்படியானால் மனிதர் செய்ய வேண்டியது, தன் உள்ளத்தில் அடைத்துக்கொண்டிருப்பதை விலக்குவதுதான். முற்காலத்துப் பக்தர்கள் ஜெபத்துக்கு முன் ஒரு மணி நேரம் மனத்தைக் குவித்து உட்கார்ந்திருந்தார்கள் என்று கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா சொல்கிறது. உள்ளே திரும்புவதும் பிறருக்கு நன்மை வேண்டுவதும் இங்கே ஒரே செயலின் இரண்டு பகுதிகள்.

வேங்கடராமன் மதுரையில் அமெரிக்க மிஷன் பள்ளியில் படித்தவர். வேதாகமப் பரிச்சயம் அங்கே கொஞ்சம் கிடைத்திருக்கும். பின்னாளில் அவர், மோசேக்குக் கடவுள் தன்னை அறிவித்த யாத்திராகம வாக்கியத்தையும், அமைதியாயிருந்து கடவுளை அறியச் சொல்லும் 46ஆம் சங்கீதத்தையும் பலமுறை எடுத்துக்காட்டினார். ஈராக்கிய யூதரான எஸ்.எஸ். கோஹன் 1936இல் வந்து ஆசிரமத்தருகே தங்கிவிட்டார். போலந்து யூதரான மாரிஸ் ஃப்ரீட்மன் பெங்களூரில் மைசூர் அரசின் மின்கருவித் தொழிற்சாலையை நடத்த வந்த பொறியாளர். அங்கிருந்து திருவண்ணாமலைக்கு வந்து ரமணரிடம் விடாமல் கேள்வி கேட்டார். அதே ஃப்ரீட்மன்தான் காந்தியோடு சேர்ந்து, மராட்டியப் பகுதியின் சிறு சமஸ்தானமான ஔந்தில் 1939இல் கிராமங்களிடம் அதிகாரத்தை ஒப்படைத்த அரசியலமைப்புக்கு உழைத்தார். 1959க்குப் பிறகு திபெத்திய அகதிகளுக்காக அலைந்தவரும் அவரே.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்கது உண்டு. ஃப்ரீட்மன் காவி உடுத்து, பாரதானந்தர் என்ற பெயரும் பெற்றவர். அவரை யூதத் தியானத்துக்குச் சாட்சியாக்குவது சரியல்ல. ஒப்புக்கொள்கிறேன். அவர் எந்த ஜெப முறையால் உருவானார் என்று நான் வாதிடவில்லை. தன்னைத் தேடியவர் பிறரை மறந்துவிடுவார் என்ற ஊகத்தைத்தான் அவர் வாழ்க்கை தகர்க்கிறது. ஔந்தில் காந்தியின் செல்வாக்கே பெரிது என்பதும் உண்மை. ஆனால் காந்தியைப் பின்பற்றியவர்கள் எத்தனையோ பேர்; ரமணரிடம் கேள்விகளோடு உட்கார்ந்த இவரே பின்னர் அகதிகளிடமும் போனார். இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது: தியானித்தும் சுயநலமாகவே இருப்பவர்கள் ஏராளம். அதை மறுக்க முடியாது. ஸோஹரின் கண்டிப்பு அப்படிப்பட்டவர்களுக்கும் பொருந்தும். குலத்தால் உரிமை பெற்றவரைக்கூட அன்பில்லாவிட்டால் ஆசி கூறாமல் நிறுத்தும் விதி, அமைதி தானாகவே அன்பாகிவிடும் என்று அந்த மரபு நம்பவில்லை என்பதற்கே சான்று.