எண் ஒன்று, வரிசை பல: பூம்பாவைப் பதிகத்தை முன்வைத்து இணையப் பக்க வகைப்பாடு

மயிலாப்பூர்க் கபாலீச்சரத்துக்கெனத் தேவாரத்தில் இருப்பது ஒரே பதிகம். பாடியவர் திருஞானசம்பந்தர், இடம் இரண்டாம் திருமுறை, 47-ஆம் பதிகம், பண் சீகாமரம். இந்தப் பூம்பாவைப் பதிகத்தை ஓர் இணையதளத்தில் ஏற்றப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பிரிவில் வைப்பது? பக்தி இலக்கியம் என்பார் தமிழாசிரியர். பண்ணிசை என்பார் ஓதுவார். கோயில் நிர்வாகிக்கு அது தலவரலாறு. பழைய விழாக்களை ஆராய்பவருக்கு அது முதன்மைச் சான்று. நால்வர் சொல்வதும் சரி. தளத்தை அமைப்பவர் மட்டும் ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்ற மூவரைத் தேடி அலையவிடுகிறார்.

நூலக அலமாரியில் இது தவிர்க்க முடியாத அவதி. ஒரு பிரதி ஒரு தட்டில்தான் இருக்க முடியும். 1876-இல் வெளிவந்த டூயி பகுப்பு முறையில் தேவாரத்தை இந்தியச் சமயங்களுக்குரிய 294-இலும் வைக்கலாம், தமிழ் இலக்கியத்துக்குரிய 894.811-இலும் வைக்கலாம், இரண்டிலும் வைக்க இயலாது. இணையத்தில் தட்டு இல்லை. இருந்தும் பெரும்பாலான தளங்கள் தட்டு இருப்பதாகவே பாவித்து, ஒரு பக்கத்துக்கு ஒரு பிரிவு, அதற்குள் ஓர் உட்பிரிவு என்று அடுக்குகின்றன. போதாக்குறைக்கு அந்தப் பிரிவின் பெயரைப் பக்கத்தின் முகவரியிலும் பொறித்துவிடுகின்றன. என் வாதம் இந்த இரண்டாவது செயலைப் பற்றியது. பிரிவு தவறாக அமைந்தால் திருத்திக்கொள்ளலாம்; முகவரியில் ஏறிய பிரிவைத் திருத்தினால், அதுவரை அந்தப் பக்கத்தைச் சுட்டிய இணைப்புகளும் மேற்கோள்களும் அறுந்துபோகும்.

தேவாரப் பதிப்பாளர்கள் இந்தச் சிக்கலில் மாட்டவில்லை. மூவர் பாடல்களுக்குப் பண்முறை, தலமுறை என இரண்டு அடைவுகள் வழங்குகின்றன. திருமுறைப் பகுப்பு பெரும்பாலும் பண்ணையொட்டியது. ஆனால் அப்பரின் ஐந்தாம் திருமுறை குறுந்தொகை, ஆறாம் திருமுறை தாண்டகம் என யாப்பால் அமைந்தவை. பகுப்பளவை எங்கும் ஒன்றாக இல்லை என்பது தருக்கவாதிக்கு உறுத்தலாம்; ஓதுவாருக்கு உறுத்தியதாகத் தெரியவில்லை. தலமுறையில் அதே பாடல்கள் நாடு, தலம் என்ற வரிசைக்கு மாறுகின்றன. அங்கே பூம்பாவைப் பதிகம் தொண்டை நாட்டுத் தலங்கள் முப்பத்திரண்டின் நடுவே திருமயிலையில் போய் நிற்கிறது. வரிசை மாறினாலும் 2.47 என்ற எண் மாறவில்லை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 2007-இல் வெளியிட்ட மின்தேவாரமும் தருமபுரம் ஆதீனத்தின் திருமுறைத் தளமும் இந்த எண்ணையே பற்றிக்கொள்கின்றன. நல்ல முகவரிக்கு வேண்டியது இவ்வளவுதான்.

பதிகத்துக்குள் நுழைந்தால் பக்கத்தின் அளவு என்ன என்ற கேள்வி எழுகிறது. இரண்டாம் பாடலில் ஓணம், மூன்றாவதில் கார்த்திகை விளக்கீடு, நான்காவதில் ஆதிரை, ஐந்தாவதில் தைப்பூசம், ஆறாவதில் மாசிக் கடலாட்டு, ஏழாவதில் பங்குனி உத்திரம் எனப் பாட்டுக்கு ஒரு விழா. தைப்பூசம் பற்றித் தேடி வருபவருக்கு வேண்டியது 2.47.5 மட்டுமே. அதற்காகப் பாட்டுக்கொரு பக்கம் என நறுக்கினால், இறந்த பெண்ணான பூம்பாவையை விளித்து, இவற்றையெல்லாம் காணாமல் போவாயோ என்று அடுக்கிக்கொண்டே போகும் கேள்வியின் தொடர்ச்சி சிதைந்துவிடும். பதிகம் ஒரு பக்கமாகவும், ஒவ்வொரு பாட்டும் அதற்குள் தனியே சுட்டத்தக்க இடமாகவும் இருப்பதே தகும். விழாப்பெயர் பாட்டோடு ஒட்டட்டும். பண்ணும் தலமும் பதிகத்தோடு ஒட்டட்டும்.

ஒரு பொருளின் பல கூறுகளைத் தனித்தனியே குறித்து, தேவைக்கேற்பச் சேர்க்கலாம் என்பதற்குக் கோட்பாடு வகுத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். பயிற்சிக்காக லண்டன் சென்றபோது செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் கண்ட மெக்கானோ விளையாட்டுப் பொருளே தம் கருத்துக்கு வித்து என்று சொன்னவர். அவருடைய கோலன் பகுப்பு முறை 1933-இல் வந்தது. ஆள்மை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து அடிப்படைக் கூறுகள் பிற்பதிப்புகளில் தெளிவு பெற்றன. கடைத் தளங்களில் விலை, நிறம், அளவு என்று வடிகட்டும் வசதி இவ்வழியில் வந்ததே. ஆனால் ரங்கநாதனிடமும் எனக்கு ஒரு வேறுபாடு உண்டு. அவர் கூறுகளைக் குறியெண்ணுக்குள்ளேயே வைத்தார். 1987-இன் ஏழாம் பதிப்பு குறியெண்களைப் பெரிதும் மாற்றியபோது, இந்திய நூலகங்கள் பலவும் 1960-இன் ஆறாம் பதிப்போடு நின்றுவிட்டன. வகையே முகவரியானதன் விலை அது.

இதற்கு எதிர்ச்சான்றாக அகநானூற்றைக் காட்டலாம். அதில் ஒற்றைப்படை எண்கள் எல்லாம் பாலை, 2, 8 என முடிபவை குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்தின் மடங்குகள் நெய்தல். எண்ணைக் கேட்டாலே திணை தெரிந்துவிடும் அழகான ஏற்பாடுதான். ஆனால் அது நானூறோடு மூடப்பட்ட தொகை. நடுவில் புதிதாக ஒரு பாட்டு நுழைந்தால் அதன்பின் வரும் திணைகளெல்லாம் எண் பிசகிவிடும். நாள்தோறும் வளரும் தளம் அந்த அழகுக்கு ஆசைப்படக் கூடாது.

வளர்வதற்கு மயிலாப்பூரிலேயே உதாரணம் மார்கழிக் கச்சேரிகள். அச்சிட்ட நிகழ்ச்சி நிரல்கள் சபா வாரியாக வருகின்றன; நடத்துபவர் சபா என்பதால் அது இயல்பு. ரசிகர் கேட்பதோ இன்று மாலை, நடந்து போகும் தூரத்தில், யார் பாடுகிறார், வயலின் யார், டிக்கெட் உண்டா என்பது. சபாவும் அரங்கமும் ஒன்றல்ல என்பது இன்னொரு குழப்பம்: பிரம்ம கான சபாவின் கச்சேரி லஸ் சர்ச் சாலை சிவகாமி பெத்தாச்சி அரங்கில் நடக்கும், கிழக்கு மாட வீதி பாரதிய வித்யா பவனில் பல அமைப்புகளின் கச்சேரிகள் நடக்கும். சபா, அரங்கம், நாள், நேரம், முதன்மைக் கலைஞர், பக்கவாத்தியம் ஆகியவற்றைத் தனித்தனிக் கூறுகளாகக் குறித்தால் கேள்விகள் அனைத்துக்கும் விடை வரும். முதலில் விரியும் பட்டியல் மட்டும் நாள், நேரம் என்ற வரிசையில் இருக்க வேண்டும். வடிகட்டிகளை அடுக்கி வைத்து வந்தவரையே தேர்ந்துகொள்ளச் சொல்வது, புதிதாக வந்தவரை வாசலில் நிறுத்துவதாகும்.

தேவாரத்துக்கு 2.47 இருப்பதுபோல் ஒரு கச்சேரிக்கு எண் கிடையாது. பதிகத்தின் பண்ணான சீகாமரத்தை இன்று நாதநாமக்கிரியை ராகத்தில் பாடுகிறார்கள். வகைப்பெயர் மாறியும் பதிகத்தைக் கண்டுபிடிக்க முடிகிறது. கச்சேரி அப்படியில்லை, சீசன் முடிந்து நிரல் பக்கம் அகற்றப்பட்டால், யாரும் அதைச் சுட்ட இயலாது. நடந்து முடிந்த கச்சேரிக்கு எண் கொடுப்பது கடினமும் இல்லை. ஒரே அரங்கில் ஒரே நேரத்தில் இரண்டு கச்சேரிகள் நடக்க முடியாது. ஆகவே நாளும் தொடங்கிய நேரமும் அரங்கக் குறியீடும் போதும். அரங்கின் பெயரையோ தெருவின் பெயரையோ எண்ணில் சேர்க்காமல் இருப்பது நல்லது. ஆலிவர் சாலை முசிறி சுப்பிரமணிய ஐயர் சாலை ஆனதை மயிலாப்பூர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது.